கண் மருத்துவரிடம் செல்லும் முன்: குமரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

என் அம்மாவுக்குப் பார்வை மங்கத் தொடங்கியபோது நாங்கள் முதலில் போனது கண்ணாடிக் கடைக்குத்தான். அங்கிருந்த கம்ப்யூட்டர் கருவியில் தாடையை வைக்கச் சொல்லி, ஒரு பவரை எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று கண்ணாடிகள் மாற்றினோம். அதன் பிறகு ஒரு கண் மருத்துவரிடம் சென்றபோதுதான், அம்மாவின் வலது கண்ணில் கண் அழுத்த நோயால் பக்கவாட்டுப் பார்வை பெருமளவு போய்விட்டது என்பதும், போன பார்வை எந்தச் சிகிச்சையாலும் திரும்பாது என்பதும் தெரிய வந்தன. எஞ்சிய பார்வையை இன்றுவரை சொட்டு மருந்து காப்பாற்றி வருகிறது. முதன்முறையாகக் கண் மருத்துவரிடம் செல்பவர்களும், பெற்றோரையோ பிள்ளைகளையோ அழைத்துச் செல்பவர்களும் அந்த ஒன்றரை ஆண்டை இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பவர் பார்ப்பதும் கண்ணைப் பரிசோதிப்பதும்

முதலில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கடைகளில் உள்ள கருவி, கண்ணுக்குள் செல்லும் ஒளி எந்த அளவுக்கு வளைகிறது என்பதை மட்டுமே அளக்கிறது. விழித்திரையில் இரத்தம் கசிந்திருக்கிறதா, பார்வை நரம்பு தேய்ந்திருக்கிறதா, கண்ணின் அழுத்தம் கூடியிருக்கிறதா என்பவற்றை அது காட்டாது. கண் அழுத்த நோயும் சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பும் தொடக்கத்தில் வலியோ சிவப்போ தராமல் வளர்பவை என்பதால், 'எனக்கு ஒன்றும் தெரியவில்லையே' என்பதை ஆதாரமாக வைத்துக்கொள்ள முடியாது.

மருத்துவமனையில் உங்களை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் பார்வைத் திறனையும் பவரையும் அளக்கப் பயிற்சி பெற்ற ஆப்டோமெட்ரிஸ்டாக இருப்பார். அவர் தரும் சீட்டோடு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். எம்.பி.பி.எஸ். முடித்துக் கண் மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்த மருத்துவர் கண்ணைப் பார்த்த பிறகே பரிசோதனை முடிந்ததாகக் கொள்ள வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்துக்குக் கடையிலேயே கண்ணாடி வாங்கிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்த வயதுதான் முழுப் பரிசோதனையைத் தொடங்குவதற்கும் ஏற்ற வயது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ கண் அழுத்த நோய் இருந்தால் அதற்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

நாள் பார்த்து, விடுப்பு எடுத்துச் செல்லும் வழக்கமான பரிசோதனைக்கு மட்டுமே முன் தயாரிப்பு பொருந்தும். சில நிலைகளில் எதையும் தேடி எடுக்க நேரமில்லை. அப்படியே புறப்பட வேண்டும்.

நம் மாவட்டத்தின் தொழில்களே கண்ணுக்குச் சில தனி ஆபத்துகளைக் கொண்டுவருகின்றன. குலசேகரம், அருமனை, கீரிப்பாறைப் பக்கங்களில் ரப்பர் பால் வெட்டுவோர், பாலைக் கெடாமல் வைக்க அம்மோனியாவையும், ஷீட் அடிக்கும்போது பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலத்தையும் கையாள்கிறார்கள். பனையேறுவோர் பதனீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். வெற்றிலை போடும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் சுண்ணாம்பு பாக்கெட்டைக் குழந்தை அழுத்தி, அது வெடித்து முகத்தில் தெறிப்பதும் உண்டு. இவற்றுள் சுண்ணாம்பும் அம்மோனியாவும் மிகவும் கொடியவை. இவை போன்ற காரப் பொருள்கள் கண்ணின் மேற்பரப்பில் நிற்காமல் திசுக்களைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே, இவை கண்ணில் பட்ட அந்த நொடியில், பட்ட இடத்திலேயே, கிடைக்கும் சுத்தமான தண்ணீரால் கழுவத் தொடங்க வேண்டும். இமைகளை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு, கடிகாரம் பார்த்துக் குறைந்தது 20 முதல் 30 நிமிடம் வரை விடாமல் ஊற்றிவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். கண்ணோரத்தில் சுண்ணாம்புத் துகள் தெரிந்தால், நனைத்த சுத்தமான துணியின் நுனியால் எடுத்துவிட்டுத் தொடர்ந்து கழுவ வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கழுவிக்கொள்ளலாம் என்று ஆட்டோவுக்குக் காத்திருக்கும் நேரத்தில்தான் பார்வை போகிறது. "சுண்ணாம்பு தெறிச்சா நல்லெண்ணெய் விடணும்னு சொல்லுவாவ" என்று என்னிடம் சொன்ன பெரியவர்கள் உண்டு. அவர்கள் அக்கறையில் சொல்வதுதான் என்றாலும், தண்ணீரைத் தவிர வேறு எதையும் அந்தக் கண்ணில் விடக் கூடாது.

வயலிலோ தோப்பிலோ நெல்தாள், தென்னையோலை, குச்சி ஆகியவை கண்ணில் கீறினால், அது சிறு கீறலாகத் தோன்றினாலும் மறுநாளைக்குத் தள்ளிப்போடாமல் காட்டிவிட வேண்டும். இலை தழையால் ஏற்படும் காயத்தின் வழியாகப் பூஞ்சை உள்ளே நுழைந்து கருவிழியில் புண் உண்டாகலாம். அந்தப் புண் ஆறினாலும், நாம் 'பூ விழுந்துவிட்டது' என்று சொல்லும் வெண்தழும்பு நின்றுவிடும். மெடிக்கல் ஷாப்பில் 'சிவப்புக்கு ஒரு சொட்டு மருந்து' என்று கேட்டு வாங்குவது இந்த நிலையில் பெரும் ஆபத்து. அதில் ஸ்டீராய்டு இருந்தால், சிவப்பும் உறுத்தலும் சற்றுக் குறைந்ததுபோல் தோன்ற, புண் உள்ளே வேகமாகப் பரவும். தாய்ப்பால், இலைச்சாறு ஆகியவற்றையும் விட வேண்டாம். கூரான பொருள் கண்ணில் குத்தி நின்றால் அதைப் பிடுங்காமல், கண்ணை அழுத்தாமல், ஒரு சிறு காகிதக் கோப்பையால் மூடிக்கொண்டு செல்ல வேண்டும்.

காயமே இல்லாமலும் அவசரம் வரலாம். கண்முன் மின்னல் வெட்டுவதுபோல் ஒளி தோன்றுவது, திடீரென்று கரும்புள்ளிகள் மழைபோல் மிதப்பது, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது ஆகியவை விழித்திரை கிழிவதன் அல்லது பிரிவதன் அறிகுறிகள். கண் சிவந்து, தலைவலியும் வாந்தியும் வந்து, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தால், கண் அழுத்தம் திடீரென்று உயர்ந்திருக்கலாம். வாந்தியை மட்டும் பார்த்து வயிற்றுக் கோளாறு என்று நினைத்து ஒரு நாளை வீணாக்கிவிடுவோம். கண் சிவந்திருக்கிறதா என்று பார்க்க மறக்கக் கூடாது. வலியில்லாமல் ஒரு கண்ணின் பார்வை சட்டென்று மறைந்தாலும் அதே வேகம் வேண்டும். 108 ஆம்புலன்ஸை இதற்கும் அழைக்கலாம்.

எங்கே செல்வது

நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டம் முழுமைக்கும் பெரிய அரசு மருத்துவமனை. கல்குளம், விளவங்கோடு பகுதியினருக்குத் தக்கலையில் உள்ள பத்மநாபபுரம் அரசு மருத்துவமனை பக்கம். அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவு காலையில்தான் நடக்கும் என்பதால், சீட்டு போடும் இடத்துக்கு முன்னதாகவே போய்விட வேண்டும். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் தனியார் கண் மருத்துவமனைகள் இருக்கின்றன. விழித்திரை அறுவை போன்ற சிக்கலான சிகிச்சை தேவைப்பட்டால், கிழக்கே திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனைக்கும், மேற்கே திருவனந்தபுரத்தில் உள்ள அரசு வட்டாரக் கண் மருத்துவ நிலையத்துக்கும் நம்மவர்கள் செல்வது வழக்கம். அப்படி அனுப்பப்பட்டால் பரிந்துரைக் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முன்பு செய்த சோதனைகளின் முடிவுகளும் அதோடு இருந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

ஊர்களில் நடக்கும் கண் முகாம்கள் கண்புரையைக் கண்டறிந்து அறுவைக்கு அழைத்துச் செல்வதில் பெரும் தொண்டு செய்கின்றன. ஆனால் முகாமில் 'புரை இல்லை' என்று சொல்லிவிட்டால் கண்ணில் வேறு எதுவும் இல்லை என்று பொருளாகாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைக் குறிப்பாக நினைவில் கொள்ள வேண்டும்.

பையில் இருக்க வேண்டியவை

இப்போது அணியும் கண்ணாடியையும், இருந்தால் அதற்கு முந்தைய கண்ணாடியையும் எடுத்துச் செல்லுங்கள். உடைந்திருந்தாலும் பரவாயில்லை, அதன் பவரை அளந்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மாறியிருக்கிறது என்று கணக்கிட முடியும். பழைய சீட்டுகள், சொட்டு மருந்துப் புட்டிகள், உண்ணும் மாத்திரைகளின் அட்டைகள், அண்மையில் எடுத்த சர்க்கரை அளவு ஆகியவையும் வேண்டும். 'வெள்ளை நிற மாத்திரை, காலையில் ஒன்று' என்று சொல்வதைவிட அட்டையையே காட்டுவது எளிது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள் அதையும் ஆதார், குடும்ப அட்டைகளையும் எடுத்துச் செல்லலாம்; அத்திட்டம் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கே பொருந்தும் என்பதால், நீங்கள் செல்லும் மருத்துவமனையில் எதற்குக் கிடைக்கும் என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

வெறும் வயிற்றில் செல்லத் தேவையில்லை. சாப்பிட்டுவிட்டு, வழக்கமான சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைப் போட்டுக்கொண்டே செல்லுங்கள். கண்ணில் மை தீட்ட வேண்டாம். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அதை எத்தனை நாளுக்கு முன் நிறுத்த வேண்டும் என்பதைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ள வேண்டும். லென்ஸ் கருவிழியின் வடிவத்தைச் சற்று மாற்றிவிடுவதால் அளவு தவறக்கூடும்.

சர்க்கரை மிக அதிகமாக இருக்கும் நாள்களில் கண்ணாடிக்கு அளவு எடுப்பது வீண். இரத்தத்தில் சர்க்கரை கூடும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நீரை ஏற்று உப்பி, பவர் மாறிவிடும். சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் புதுக் கண்ணாடி பொருந்தாமல் போகும். உள்பரிசோதனையை அன்றே செய்துகொண்டு, கண்ணாடியை மட்டும் சில வாரங்களுக்குத் தள்ளிப்போடுவது நல்லது.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

மருத்துவரின் முன் அமர்ந்ததும் நம்மில் பலர் சுருங்கிவிடுகிறோம். "பூழி விழுந்துட்டு, வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, மூன்று நாளாக வேறொருவரின் மருந்தைக் கண்ணில் ஊற்றியதைச் சொல்லாமல் விழுங்கிவிடுகிறோம். திட்டுவார்களோ என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் எதை ஊற்றினோம், எத்தனை நாள் ஊற்றினோம் என்பது தெரிந்தால்தான் மருத்துவரால் புண்ணின் தன்மையை ஊகிக்க முடியும். வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் எண்ணெய் வாங்கி விட்டிருந்தாலும், நாட்டு மருந்து உண்டு வந்தாலும் அதை அப்படியே சொல்லிவிடுங்கள்.

தொந்தரவை விவரிக்கும்போது 'கண் சரியாகத் தெரியவில்லை' என்பதோடு நிறுத்தாமல், எந்தக் கண், எப்போதிலிருந்து, தூரத்திலா பக்கத்திலா, பகலிலா இருட்டிலா, திடீரென்றா படிப்படியாகவா என்று சொல்ல வேண்டும். வீட்டிலேயே ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, சுவரில் உள்ள நாட்காட்டியை மற்ற கண்ணால் பார்த்து, பிறகு மாற்றிப் பாருங்கள். இரு கண்களும் சேர்ந்து பார்க்கும்போது ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். என் அம்மாவின் விஷயத்தில் நடந்ததும் அதுவே.

கண்ணோடு தொடர்பில்லாததாகத் தோன்றும் சில மருந்துகளையும் சொல்லியாக வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையும் இன்ஹேலரும் புரையையும் கண் அழுத்தத்தையும் கூட்டக்கூடும். மூட்டுவாத நோய்க்குத் தரப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் நீண்ட காலத்தில் விழித்திரையையும், காசநோய்க்கான எத்தாம்பியூட்டால் பார்வை நரம்பையும் பாதிக்கக்கூடும். சிறுநீர் தடையின்றிப் போக வயதான ஆண்கள் உண்ணும் டாம்சுலோசின், புரை அறுவையின்போது கண்பாவையைச் சுற்றியுள்ள திரையைத் தளரச் செய்து அறுவையைக் கடினமாக்கக்கூடும். மருத்துவருக்கு முன்பே தெரிந்திருந்தால் அதற்கேற்ப ஆயத்தமாவார். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், சொன்னால் போதும்.

குடும்ப வரலாற்றில் இன்னொரு கேள்வியும் வரும்: பெற்றோர் சொந்தத்தில் மணம் முடித்தவர்களா என்பது. இது குற்றம் காண்பதற்கான கேள்வியன்று. இருட்டில் பார்வை குறைந்து, பின்னர் பார்வைப் பரப்பே சுருங்கிவரும் சில பரம்பரை விழித்திரை நோய்கள் உறவுத் திருமணங்களில் பிறந்த பிள்ளைகளுக்குக் கூடுதலாக வருவதால் கேட்கிறார்கள்.

பரிசோதனை நாள்

முதலில் 6 மீட்டர் தொலைவில் உள்ள பலகையில் எழுத்துகளைப் படிக்கச் சொல்வார்கள். தமிழ் எழுத்துப் பலகையும், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கையால் திசை காட்டுவதற்கான பலகையும் உண்டு என்பதால் கூச்சப்பட வேண்டியதில்லை. சீட்டில் 6/6 என்றால் இயல்பான பார்வை. 6/60 என்றால், இயல்பான கண் 60 மீட்டரில் படிப்பதை நீங்கள் 6 மீட்டரில்தான் படிக்கிறீர்கள் என்று பொருள். ஊகித்துப் படிக்காதீர்கள், இது தேர்வு இல்லை. பிறகு கண் அழுத்தம் அளக்கப்படும். கருவியிலிருந்து ஒரு காற்று 'பஃப்' என்று அடிக்கும், வலிக்காது. பொதுவாக 10 முதல் 21 வரை இயல்பு என்றாலும், அந்த அளவுக்குள் இருந்தும் நரம்பு தேய்பவர்கள் உண்டு.

அடுத்து வருவது, கண்பாவையை விரியச் செய்யும் சொட்டு மருந்து. அதை விட்டால்தான் விழித்திரையின் ஓரங்கள் வரை பார்க்க முடியும். சிறிது எரியும். அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டியிருக்கும். அதன் விளைவு நான்கு முதல் ஆறு மணி நேரம் வரையிலும், சிலருக்கு மறுநாள் வரையிலும் நீடிக்கும். அதுவரை பக்கத்தில் உள்ளவை மங்கும், வெளிச்சம் கூசும். அன்று மதியம் வடசேரி பேருந்து நிலையத்தில் அம்மா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்தபடி நின்றது நினைவிருக்கிறது. பேருந்தின் பெயர்ப்பலகை மட்டுமன்றி, படிக்கட்டின் விளிம்பும் அவருக்குத் தெரியவில்லை. ஆகவே துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், கூலிங்கிளாஸோ குடையோ கொண்டுபோங்கள், பைக் ஓட்டித் திரும்பலாம் என்று எண்ணாதீர்கள், பனையிலோ படகிலோ ஏறும் வேலையை அன்றைக்கு விட்டுவிடுங்கள். சொட்டு விடும் முன் இரத்த அழுத்தம், இதய நோய், ஒவ்வாமை இருந்தால் சொல்லிவிட வேண்டும். நேரம் இல்லை, சொட்டு வேண்டாம் என்று மறுத்துத் திரும்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். நேரமில்லாவிட்டால் வேறொரு நாள் வாருங்கள். ஆனால் சொட்டு விட்டுப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள்.

பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது

மாறுகண் அதிர்ஷ்டம் என்ற பேச்சை நம்பி எத்தனை பிள்ளைகள் ஒரு கண்ணின் பார்வையை இழந்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. விலகிய கண்ணின் படத்தை மூளை ஒதுக்கப் பழகிவிட்டால் அந்தக் கண் சோம்பேறிக் கண்ணாகிவிடும். ஏழெட்டு வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் மீட்பது எளிது, பின்னர் கடினம். ஆகவே குறை எதுவும் தெரியாவிட்டாலும் பள்ளியில் சேர்க்கும் முன் ஒருமுறை காட்டிவிடுங்கள். கைப்பேசியில் எடுத்த படத்தில் குழந்தையின் ஒரு கண்பாவை வெள்ளையாக ஒளிர்ந்தால், கண் புற்றுநோயாகக்கூட இருக்கலாம் என்பதால், அந்த வாரமே செல்ல வேண்டும். 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவான எடையிலோ பிறந்த குழந்தைக்கு, பிறந்து 4 வாரத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். மிகவும் முன்னதாகப் பிறந்திருந்தால் அதற்கும் முன்பே. சிறுவர்களுக்குச் சரியான பவர் காண வலுவான சொட்டோ களிம்போ தருவார்கள். அதன் மங்கல் சில நாள்கள் நீடிக்கும் என்பதால் பள்ளித் தேர்வு வாரத்தைத் தவிர்த்து நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுந்து வருமுன் கேட்க வேண்டியவை

நோயின் பெயர் என்ன, அது கூடிக்கொண்டே போகக்கூடியதா, மருந்து எத்தனை நாள், அடுத்து எப்போது வர வேண்டும் என்ற நான்கையும் கேட்டு, சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருந்தால், கண்ணில் குறையில்லை என்று சொல்லப்பட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை வர வேண்டும். கண்புரை என்றால், அதைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் இல்லை, அறுவைதான் வழி. ஆனால் பெரும்பாலும் அது இன்றே செய்ய வேண்டிய அவசரமில்லை. அன்றாட வேலை எவ்வளவு தடைப்படுகிறது என்பதைச் சொல்லி மருத்துவரோடு சேர்ந்து முடிவெடுக்கலாம். வைக்கப்படும் லென்ஸ் வகைகளின் விலை வேறுபாட்டைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

சொட்டு மருந்தை விடும் முறையையும் அங்கேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். கையைக் கழுவி, தலையைச் சாய்த்து, கீழிமையை மெல்ல இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு விட்டால் போதும். புட்டியின் நுனி இமையில் படக் கூடாது. பிறகு கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்ணோரத்தை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து மூக்கு வழியே உடலுக்குள் இறங்காமல் கண்ணிலேயே தங்கும். இரண்டு மருந்துகள் இருந்தால் இடையில் ஐந்து நிமிடம் விட வேண்டும். திறந்த புட்டியைப் பெரும்பாலும் ஒரு மாதத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்பதால், திறந்த தேதியை அதன்மேல் பேனாவால் எழுதி வையுங்கள். தூத்தூர், இனயம் பக்கத்திலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குச் செல்பவர்கள், கண் அழுத்த நோய்க்கான மருந்தைப் பயண நாள்களுக்கும் கூடுதலாக ஒரு புட்டி சேர்த்து வாங்கிக்கொண்டு, அதை எந்த வெப்பநிலையில் வைக்க வேண்டும் என்பதைக் கடலுக்குப் புறப்படும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சில வகை மருந்துகளைத் திறக்கும்வரை குளிரில் வைத்திருக்க வேண்டியிருக்கும். அப்படியானால், படகின் ஐஸ் அறையில் மருந்து உறைந்துவிடாதபடி எங்கே வைப்பது என்பதையும் உடன் செல்பவர்களோடு பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.